கீறலைத் தாண்டிய ஊசி

மரத்தளத்தில் யார் நடந்தாலும் இசைத்தட்டின் ஊசி எகிறிவிடும் என்பதால், ஈரத் துணிக்கூடையை இடுப்பில் இடுக்கியபடி அறை வாசலிலேயே அவன் மனைவி சிலையாக நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் பழைய ஹவாய் இசைத்தட்டு சுழல்கிறது. பாட்டு கணினியில் ஏற ஏறத் திரையில் பச்சைக் கோடு துள்ளுகிறது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டிலுள்ள கீறலையே பார்க்கிறான். ஒரு வாரமாக ஊசி அங்கேதான் மாட்டிக்கொண்டு ஒரே வரியை அரைக்கிறது. இதோ, கீறல் வருகிறது. டிக். கிட்டார் வழுக்கிக்கொண்டு அடுத்த வரிக்கே போய்விடுகிறது! அவன் துள்ளி எழப் பார்க்கிறான். "ஐயோ, குதிச்சு கிதிச்சுத் தொலைச்சிடாதீங்க!" என்கிறாள். உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்தி, கால்விரல்களை மடக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். கடைசி நரம்பொலியும் ஓய்ந்து ஊசி மேலே எழுகிறது. கூடையைத் தொப்பென்று போட்டுவிட்டு, "இப்பக் குதிங்க!" என்று முதலில் அவளே குதிக்கிறாள்.