வழிவிடுதல்

விசாரணை மண்டபத்தில் சாட்சி சொல்லிவிட்டு எல்கே குறுகலான நடைகூடத்தில் வந்துகொண்டிருந்தாள். அடுத்து அழைக்கப்பட்ட துவாரகன் எதிரே வந்தான். எல்லைக்கு இந்தப் பக்கத்து வானத்தை அவனும் அந்தப் பக்கத்து வானத்தை அவளும் விமானக் கட்டுப்பாட்டாளர்களாக ஆறு வருடங்கள் கவனித்துவந்தவர்கள். தொலைபேசியில் கேட்ட குரலைத் தவிர ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

விபத்து நடந்த அன்று காலை இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் எல்லையை நோக்கி வந்தன. அண்டை நாட்டுக்காரர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் விலகுங்கள் என்பதுதான் புதிய ஒத்துழைப்புப் பயிற்சியில் இருவரும் படித்த பாடம். அவன் தன் விமானத்தைக் கீழே இறக்கச் சொன்னான். அதே நொடியில் அவளும் தன்னுடையதை இறக்கச் சொன்னாள். அதைத் தெரிவிக்க இருவரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தார்கள். இருவருக்கும் மற்றவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே தொனி ஒலித்தது. பதறிப்போய் இருவரும் மேலே ஏற்றச் சொன்னார்கள். மூன்றாவது முறைக்கு நேரம் இருக்கவில்லை.

இப்போது அவளுக்கு வழிவிட அவன் சன்னலோரம் ஒதுங்கினான். அவளும் சன்னலோரமே ஒதுங்கினாள். "மன்னியுங்கள்" என்றாள், அதே குரலில். இருவரும் சுவரோரம் மாறினார்கள். பிறகு இருவருமே அசையவில்லை.

"என்னப்பா, ஏன் நிக்கிறியள்?" என்றாள் பின்னால் வந்த துவாரகனின் மனைவி. "செத்த ஆக்களின்ர குடும்பமெல்லாம் உள்ள பாத்துக்கொண்டிருக்குதுகள். கொஞ்சம் விலகுங்கோ, அவ போகட்டும்."

துவாரகன் எல்கேயின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் பக்கம் எண்டு சொல்லும்" என்றான் மனைவியிடம்.