வாசலை மறித்த கிடா

பட்டியில் அம்மைநோய் புகுந்திருந்தது. மிஞ்சிய ஒரே குட்டியை வாசலுக்குத் தள்ளிவந்தது செவலைச் செம்மறி. கிடா வழியை மறித்தது.

"வெளியே ஊசி போடுகிறார்கள். மேய்ப்பர் காப்பார் என்று நம்புகிறவர்களுக்கு ஊசி எதற்கு?"

"என் மூத்தவன் துடித்தபோதும் இதைத்தானேடா சொன்னாய்?"

"உனக்கு விசுவாசம் போதவில்லை, சகோதரி. அதனால்தான் செத்தான்."

செவலைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "திரும்பிப் பாரடா, மடையா! அந்த ஊசியைப் பிடித்திருப்பது யார்?"

வெளியே ஊசியோடு நின்றவர் மேய்ப்பர்தான். ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்.

கிடா திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, மேய்ப்பரை உரக்கத் துதிக்கத் தொடங்கியது.

செவலை நாலடி பின்வாங்கி ஓடிவந்து, அதன் விலாவில் ஒரே முட்டாக முட்டியது. துதி பாதியில் நின்றது. குட்டிக்கு வழி கிடைத்தது.