கழன்ற கம்பி

“நீங்களே கழட்டி விட்டுட்டு, நெட் போச்சுன்னு அவன விளிக்கியளோ கிளாராக்கா?” மதிலுக்கு அப்பாலிருந்து லிஜி சிரித்தாள். “பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு வேணும்லா!”

“போட்டி, உனக்கு வேற சோலி இல்லியா?” கிளாரா மறுக்கவில்லை. இரண்டு பேருக்கு ஆகும்படி சாளை மீனைக் கழுவி எடுத்தாள்.

இனயம் கிராமத்தில் கடலோரமாக இருந்த அந்த வீட்டில் அவள் மட்டும்தான். மகள் ஜெனிலா குவைத்தில் நர்ஸ். கோயில் மணி அடித்ததும் லேப்டாப் திரையில் வந்து அம்மாவோடு செபமாலை சொல்வாள். புரை விழுந்த கண்ணுக்குப் போனில் மகள் முகம் தெரியாது. நெட் போனால், செபத்துக்குப் பதில் சொல்லச் சுவர்தான் மிச்சம்.

அனில்குமார் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். குளச்சலில் லேப்டாப் பழுதுபார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் ஜெனிலாவுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டு செத்தபோது, அந்த மாடலுக்குக் கார்டு எங்கும் கிடைக்கவில்லை. உடைந்துபோன வேறொன்றிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்டவன் அவன்தான். அதன்பிறகும் வாராவாரம் நெட் போனது.

“மறுபடியுமா அக்கா?”

“ஆமா மக்கா. நீ சொன்னாத்தான் அது கேக்குது.”

பின்மூடியைத் திறந்தான். தபால்தலை அளவுக் கார்டு. அதில் மாட்ட வேண்டிய நூல் போன்ற கம்பி கழன்று கிடந்தது.

“கார்டுக்கு ஒண்ணுமில்ல. பழசுல்லா, அசையும்போ கம்பி கழண்டுரும்.”

முதல்முறை மாட்டியபோது அந்தக் கம்பி ‘டக்’கென்று உட்கார்ந்தது கிளாராவுக்கு நினைவிருந்தது. கண் மங்கினாலும் அவள் காது கூர்மை. பிறகு ஒருமுறையும் அந்தச் சத்தம் கேட்டதில்லை; இன்றும் அவன் சத்தமில்லாமல் வைத்து மூடினான்.

“பைசா எவ்வளவு மக்கா?”

“கம்பி மாட்டுனதுக்கெல்லாம் என்ன பைசா!”

திரையில் ஜெனிலா வந்தாள். “சேட்டனும் இருக்காரா? அப்ப இண்ணைக்கு மூணு பேரு!”

அனில்குமாருக்குச் செபம் தெரியாது. ஆனாலும் முடியும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தான். பிறகு கிளாரா மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தாள். தலை நிமிராமல் சாப்பிட்டான்.

“எனக்க பெண்டாட்டி ரெஜிஷா போன பெறவு, வீட்டுக் கறின்னு தின்னது இஞ்சதான் அக்கா.”

கிளாரா இன்னொரு அகப்பை கறி ஊற்றினாள். அதையும் வழித்துத் தின்றான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இனியும் கழண்டா விளியுங்க” என்றான்.

லிஜி வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று மாதாவை நினைத்துக்கொண்டாள் கிளாரா. குரலைத் தாழ்த்தினாள்.

“இனி அத நல்லா இறுக்கியே மாட்டிட்டுப் போ மக்கா. சோறு தின்ன நீ சும்மாவே வரலாம்.”