பரசுராமன் வாங்கிய ஓடிடி

பரசுராமன் ரிமோட்டை எடுத்து, மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, பட்டனை அமுக்கினார். சுவரில் ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி பளிச்சென்று எரிந்தது.

“ஓடிடியில பெரிய பிளானே போட்டுட்டோம்” என்றார், யாரும் கேட்காமலே.

சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா திலகவதி, கேசரியை வாயில் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலில்தான் அவர் மகள் லாவண்யாவின் கல்யாணம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போய்விட்டது. இதுவும் போனால் ஆரணி பட்டுக்கடைக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியாது என்று பரசுராமன் ஒரு வாரமாக வீட்டில் புலம்பித் தள்ளியிருந்தார்.

எல்லாம் காத்தாயி கொண்டுவந்த சேதியால் வந்தது. அவருடைய தறிக்கூடத்தில் வேலை செய்கிற வேடியப்பனின் பெண்டாட்டி காத்தாயி, திலகவதி வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். அந்த வீட்டில் ராவும் பகலும் ஓடிடிதான், கேபிள் வைத்திருக்கிறவர்களை அந்தம்மா மனுஷராகவே மதிக்காது என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான், ஓடிடி வாங்கக் கிளம்பிவிட்டார் மனுஷன்.

லேசில் வாங்குகிற ஆளா அவர்? சேலை என்றால் உள்பக்கம் புரட்டிப் பார்ப்பார், ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். ஓடிடியைப் புரட்டவும் முடியவில்லை, சுரண்டவும் முடியவில்லை. மூன்று நாள் கஸ்டமர் கேர் பெண்களைப் பேஜார் பண்ணினார். ஒன்றில் கிரிக்கெட் இருந்தது, சாமி படம் இல்லை. இன்னொன்றில் சாமி படம் இருந்தது, சாமி வரம் கொடுக்கிற நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. பிடிக்காவிட்டால் சரக்கை வாபஸ் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு ஒரு பெண் போனையே வைத்துவிட்டாள்.

கடைசியில், அலசி ஆராய்ந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வேடியப்பன் மகள் தமிழ்ச்செல்வி ஏற்கெனவே காசு கட்டி வைத்திருந்ததை.

தமிழ்ச்செல்வி செய்யாறு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிற பெண். பாஸ்வேர்டு எழுதின சீட்டைக் கொடுக்கும்போது வேடியப்பன் தலையைச் சொறிந்தான்.

“ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பார்க்க முடியுமாம் மொதலாளி. ஞாயித்துக்கெழம மட்டும் புள்ளைக்கு வுட்டுடுங்க. அன்னிக்குத்தான் அதுக்கு லீவு.”

“சரி, சரி” என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் பரசுராமன். பெண் பார்க்க வருவதே ஞாயிற்றுக்கிழமைதான் என்று வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் லாவண்யா அந்தச் சீட்டைப் பார்த்து டிவியில் அடித்து முடிக்கவும், வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அதற்குமேல் என்ன வரும் என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

இப்போது வந்தது. யார் பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு மூன்று வட்டங்கள்.

முதல் வட்டத்தின் கீழே தமிழ்ச்செல்வி என்று எழுதியிருந்தது.

இரண்டாவதின் கீழே, ஓசி 1.

மூன்றாவதின் கீழே, ஓசி 2.

அடிப்பாவி! பரசுராமனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இந்த இரண்டில் எது நாம் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. அணைத்துவிடலாம் என்றால் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காபித் தட்டோடு வந்த கமலம், புருஷன் முகத்தையும் டிவியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, மூன்றாவது இடமும் போச்சு.

திலகவதி கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ரெண்டாவதை அமுக்குங்கண்ணா. நேத்து நான் பாதியில வுட்டது அதுலதான் இருக்குது.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையன் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

பரசுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகமெல்லாம் பல்லாக இரண்டாவது வட்டத்தை அமுக்கினார். திலகவதி பாதியில் விட்ட தொடர் முன்னால் வந்து நின்றது. அதையும் அமுக்கினார்.

வேறு இடத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது உங்களால் பார்க்க முடியாது என்றது டிவி.

வந்ததே கோபம் அவருக்கு. போனை எடுத்து வேடியப்பனைக் கூப்பிட்டார்.

“யோவ், ஒம் பொண்ணு என்னாத்தய்யா பார்த்துகினு இருக்குது? ஜல்தியா அணைக்கச் சொல்லு. இங்க சம்பந்தி வூட்டுக்காரங்க உக்காந்துகினு இருக்காங்க!”