மூணாவது பர்மிஷன்

“பர்மிஷனா? இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு எடுத்தாச்சு. மூணாவது எடுத்தா வேலை காலி. தெரியுமில்ல?”

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் இருபது தையல் மெஷினும் ஒரு நொடி நின்றுபோயின.

அந்தச் சட்டை கம்பெனியில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. தைக்கிற பாகம்தான் பேர். காலர், பாக்கெட், பட்டன். சூப்பர்வைசருக்கு மட்டும் ‘ஊசி’. வயசு ஐம்பதை நெருங்குகிறது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வாயைத் திறந்தால் யாரையாவது குத்தாமல் மூடுவதும் இல்லை. நேரில் கூப்பிடும்போது எல்லாருக்கும் ‘அக்கா’.

காலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எட்டு மாசக் கைக்குழந்தைக்காரி. எடுத்த ரெண்டு பர்மிஷனும் குழந்தையின் காய்ச்சலுக்குத்தான்.

“அரை மணி நேரம்தான் அக்கா. மருந்துக் கடைக்குப் போயிட்டு ஓடி வந்துடுறேன். கேட்ல மட்டும் எழுதாம விடச் சொல்லுங்க.”

“அப்படி என்ன மருந்து?”

காலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து காதோடு சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம்... உறை கிழிஞ்சிடுச்சு அக்கா. அவர் சாயங்காலமே லாரி எடுத்துட்டுப் போயிட்டார். கர்ப்பம் தங்காம இருக்க மாத்திரை போடணும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ளயாம். இன்னைக்கு மத்தியானத்தோட முடியுது.”

“ரெண்டு நாளா என்ன பண்ணே?”

“ஓவர்டைம் முடிஞ்சு போறதுக்குள்ள கடையைச் சாத்திடுறாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்த குழந்தை அக்கா. ரெண்டு வருஷத்துக்கு இன்னொண்ணு கூடவே கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. பயமா இருக்கு.”

ஊசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“எழுதாம எவளையும் வெளிய விட முடியாது! போய் உக்காந்து தை. சாயங்காலத்துக்குள்ள இருநூறு காலர் வரல, அப்புறம் இருக்கு உனக்கு!”

காலருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“கல் நெஞ்சுக்காரி. மருந்து வாங்கக்கூட விடமாட்டேங்குதே,” என்று முணுமுணுத்தாள் பாக்கெட்.

“பெத்து வளர்த்திருந்தாத்தானே தெரியும்!” என்றாள் பட்டன்.

சாப்பாட்டு நேரத்தில் காலர் டப்பாவைத் திறக்கவே இல்லை. வேலை போனால் போகட்டும், எழுந்து போய்விடலாமா என்று பத்து தடவை யோசித்தாள். வீட்டு வாடகையும் பால் பவுடரும் அவளைப் பத்து தடவையும் உட்காரவைத்தன.

ஒரு மணிக்கு ஊசி வந்து நின்றாள். வேர்த்து விறுவிறுத்திருந்தது. கையில் வெட்டின துணிக்கட்டு.

“இது தையலா, இல்ல கோலமா? கோணலும் மாணலுமா! இந்தக் கட்டைப் பிரிச்சு, பார்த்துத் தை.”

காலர் பிரித்தாள். துணிக்கு நடுவே ஒற்றை மாத்திரை அட்டை.

சட்டென்று அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“தண்ணி குடிக்கிற மாதிரி போய் இப்பவே முழுங்கு,” ஊசி உதடு அசையாமல் சொன்னாள். “பால் குடுக்கிற பொண்ணு, பரவாயில்லையான்னு கேட்டுட்டேன். பரவாயில்லையாம். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா சொல்லு, இன்னொண்ணு போடணும். நாள் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிக்கோ. முதல் நாளே போட வேண்டாமான்னு கடைக்காரம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா!”

காலர் ஓடிப்போய் முழுங்கினாள். மூணு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

டீ நேரத்தில் வாட்ச்மேன் பல் முப்பத்திரண்டும் தெரிய உள்ளே வந்தார்.

“சேதி தெரியுமா? சூப்பர்வைசரே வெளிய போயிட்டு வந்தாலும் நான் பையைத் திறந்து பார்த்து, இருக்கிறதை நோட்டுல எழுதணும். உங்க ஊசியம்மா பையில என்ன இருந்துச்சு தெரியுமா? கர்ப்பம் தங்காம இருக்கிற மாத்திரை! யாருக்கும்மான்னு கேட்டேன். ‘எனக்குத்தான், எழுதிக்கோ’ன்னு கையெழுத்தும் போட்டுட்டுப் போகுது!”

“அடி ஆத்தி!” பட்டன் வாயைப் பொத்திக்கொண்டாள். “நமக்கெல்லாம் என்னமா ஒழுக்கம் சொல்லிக் குடுக்கும்!”

“இந்த வயசுல யாருடி அந்த மகராசன்?”

டீக்கடை மாதிரி ஆகிவிட்டது அந்த இடம். ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சிரித்தார்கள்.

காலருக்கு ரத்தம் கொதித்தது. டம்ளரை ‘டக்’கென்று வைத்துவிட்டு எழுந்தாள்.

“எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்த மாத்திரை...”

“என்ன இங்க கும்மாளம்?”

ஊசி! சிரிப்பு கப்பென்று அடங்கியது. அவள் நேராக வந்து காலரின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். காதோடு சொன்னாள்.

“பேசினா பேசிட்டுப் போறாளுங்க. எனக்கு இனிமே மாப்பிள்ளையா பார்க்கப் போறாங்க? நீ டீயைக் குடி.”