தாவீதின் தோள்பட்டை

ஒருத்தனுக்குத் தோள் வலித்தால் டீமே அவனோடு சேர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டுமா? பரசுராமனுக்கு வயிறு எரிந்தது.

மண்ணூர் வாலிபால் டீமில் தாவீதுதான் முதல் ஸ்மாஷர். பரசுராமன் அவனுக்கு அடுத்தபடி. போன மாதம் தாவீது பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தான். கையை மேலே தூக்கினால் தோளுக்குள் எலும்பில் தசை உரசுகிறதாம். நாலு வாரம் யாரும் ஸ்மாஷ் அடிக்கக் கூடாதாம். எல்லாரும் அவனோடு பயிற்சி செய்யணுமாம், தனியாகச் செய்ய அவனுக்கு வெட்கமாம்.

கேப்டன் அப்பாவு மறுபேச்சு பேசவில்லை. இதையே பரசுராமன் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா?

வலைக் கம்பத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் இழுத்தார்கள். தாவீது எப்போதும் பரசுராமன் பக்கத்திலேயே நிற்பான்.

"மெதுவா இழு பரசு. வலிச்சா நிறுத்திடு."

"வலி உனக்குத்தானே? என்னை இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீற?" என்று பரசுராமன் எரிந்து விழுவான்.

அவனுக்கும் வலி இருந்தது. இரண்டு மாதமாக, சட்டை மாட்டக்கூடக் கை வராத அளவுக்கு. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரகடம் பக்கம் வந்திருக்கும் புதுக் கம்பெனி, தன் டீமுக்கு ஓர் ஆளை எடுத்து வேலையும் தரப்போகிறது. தோள் போனவனை எவன் எடுப்பான்? நல்லவேளை, அந்த வலி எப்படியோ குறைந்துவிட்டது.

ஆனால் நாலு வாரம் முடிந்ததும் தாவீது பழையபடி அடிக்க ஆரம்பித்தான். பரசுராமனின் மனைவி முனியம்மாளே, "தாவீது அண்ணன் அடிச்சா தரை அதிருது" என்று சோறு போடும்போது சொன்னாள். பரசுராமன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி டீமுக்கு ஆள் தேர்வு. வெள்ளிக்கிழமையே பரசுராமன் பட்டணத்துக்கு பஸ் ஏறினான். தாவீதுக்குத் தோளில் கோளாறு என்று ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தால் போதும், கம்பெனி அதிகாரியிடம் காட்டிவிடலாம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் லீலாவிடம், தாவீதுக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு சீட்டைக் கேட்டான்.

லீலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவருக்கா வலி? அவர் தோள்ல ஒண்ணுமே இல்லையே. டீம்ல ஒருத்தர் வலியை மறைச்சிக்கிட்டு ஆடறாராம். வெளியே தெரிஞ்சா வேலை கிடைக்காதுன்னு பயமாம், கூப்பிட்டா வரமாட்டாராம். நேர்ல கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். கெஞ்சிக் கூத்தாடி, பயிற்சியை மட்டும் கத்துக்கிட்டுப் போனாரு."

பரசுராமனின் கை தானாகவே தன் தோளைத் தொட்டுப் பார்த்தது.

"பரசுராமன்னு பேரு சொன்ன ஞாபகம். இப்ப அவருக்குத் தேவலையா?" என்று அக்கறையாகக் கேட்டாள் லீலா. "ஆமா, உங்க பேரு என்ன சார்?"