வானொலிச் சேதி

போன் எட்டாத படகோனியாப் பண்ணை வீட்டைச் சுற்றி முழங்கால் அளவு பனி. அங்கே ஒருவருக்கொருவர் சேதி சொல்ல வேண்டுமென்றால், உள்ளூர் ரேடியோவில்தான் வாசிப்பார்கள். பிள்ளைகள் இருவரும் வாசலில் பனியை உருட்டி எறிந்து கூத்தடித்தார்கள். நேலிடாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததுமே ரேடியோவை அணைத்துவிட்டு, ரொட்டி பொரிப்பதும் ஜன்னலுக்கு ஓடுவதுமாக இருந்தாள்.

"இந்தப் பனியில எங்கம்மா வரமாட்டாங்க. உட்காரு" என்றான் கணவன் அன்செல்மோ, மாத்தே தேநீரை உறிஞ்சியபடி.

நாய்கள் குரைத்தன. குதிரையில் மாமியார் எர்மெலிண்டா! தூரத்தில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், குதிரைகளில் விறகு ஏற்றிக்கொண்டு.

"அத்தை... இந்தப் பனியில எப்படி?"

"ரேடியோவுல உன் சேதியை வாசிச்சாங்களே! 'பிள்ளைங்களுக்குக் கடுங்காய்ச்சல், விறகும் தீர்ந்துபோச்சு, அத்தை வர வேண்டாம்'னு. எனக்குத்தான் சொல்லிவிட்டே. ஆனா ஊரே கேட்டுச்சு."

அப்போது ஒரு பனி உருண்டை பறந்து வந்து மாமியாரின் தொப்பியைத் தட்டிவிட்டது. நேலிடாவின் முகம் வெளுத்தது.

எர்மெலிண்டா பேரப்பிள்ளைகளை மேலும் கீழும் பார்த்தாள். இருவரையும் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வருகிறவர்களைப் பார்த்துக் கத்தினாள்:

"ஒட்டுற காய்ச்சல்! கிட்ட வராதீங்க! விறகை அங்கேயே இறக்கிட்டுக் கிளம்புங்க!"

அவர்கள் போனதும் மருமகளிடம் திரும்பினாள்.

"உன் மானத்தைக் காப்பாத்திட்டேன். ஆனா இந்தக் காய்ச்சல் வசந்தகாலம் வர்றவரைக்கும் இறங்காது. என் பெட்டியை உள்ள எடுத்து வை."